சாயங்காலம் இல்லாத கல்லூரிகள்

கிராமப்புற அரசுக் கல்லூரிக்குச் சாயங்காலம் கிடையாது. முதல் ஷிப்ட் மதியம் ஒன்று, ஒன்றரை வாக்கில் முடியும். இரண்டாம் ஷிப்ட் அதற்குப் பிறகு தொடங்கி, பொழுது சாயும் நேரத்தில் முடியும். எந்த ஷிப்டாக இருந்தாலும் கடைசி மணி அடித்த கால் மணி நேரத்தில் வளாகம் காலியாகிவிடும். வாட்ச்மேன் கேட்டைச் சாத்துவார், ஆடுகள் உள்ளே வரும். 'கல்லூரி வாழ்க்கை' என்றதும் நம் சினிமா காட்டுகிற கேண்டீன் அரட்டை, விடுதி மொட்டைமாடி, இரவு பத்து மணிக்கு மேடை அதிரும் கல்ச்சுரல்ஸ் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு அனுமானம் இருக்கிறது: வகுப்பு முடிந்த பிறகும் மாணவர்கள் அங்கேயே இருப்பார்கள் என்பது. இங்கே யாரும் இருப்பதில்லை. இருக்கவும் முடியாது, பஸ் போய்விடும்.

அதனால் இந்தக் கல்லூரிகளில் மாணவர்களுக்குச் சமூக வாழ்க்கையே இல்லை, வீட்டுக்கும் வகுப்புக்கும் போய்வருகிறார்கள் என்று நகரத்துக்காரர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நிறையவே இருக்கிறது. நாம் தேடும் இடத்தில், நாம் தேடும் நேரத்தில் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில் இந்தக் கல்லூரிகள் எங்கே இருக்கின்றன என்பதைப் பார்த்துவிடலாம். 2023இல் தமிழ்நாட்டில் 164 அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருந்தன. இளநிலை முதலாண்டு இடங்கள் மட்டும் ஒரு லட்சத்து ஏழாயிரத்துக்கு மேல். அதன் பிறகும் புதிய கல்லூரிகள் வந்துகொண்டிருக்கின்றன. சென்னை மாநிலக் கல்லூரி போன்ற பழைய பெயர்கள் இதில் சிறுபான்மை. அரூர், வேப்பந்தட்டை, திருவாடானை, கடலாடி, அறந்தாங்கி என்று தாலுகா தலைநகரங்களிலும் அதைவிடச் சிறிய ஊர்களிலும் இருக்கும் கல்லூரிகளே பெரும்பகுதி. இவற்றில் சில, பல்கலைக்கழகங்களின் உறுப்புக் கல்லூரிகளாகத் தொடங்கிப் பிறகு அரசுக் கல்லூரிகளாக மாற்றப்பட்டவை. புதிதாக அறிவிக்கப்படும் கல்லூரி முதல் ஓரிரு ஆண்டுகள் ஏதாவது அரசு மேல்நிலைப் பள்ளியின் நான்கு வகுப்பறைகளில் நடக்கும். அப்புறம் ஊருக்கு வெளியே மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி, புறம்போக்கு நிலத்தில் கட்டடம் எழும்பும். மரம் வளரப் பத்து வருஷம் ஆகும். அதுவரை மரத்தடி அரட்டை என்பதுகூட இல்லை, படிக்கட்டு நிழல்தான்.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, உயர்கல்வியில் சேரும் விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு, இந்தியா முழுமைக்கும் 28.4. இந்த இடைவெளிக்குப் பல காரணங்கள் உண்டு. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு கல்லூரி இருப்பது அவற்றில் முக்கியமானது, குறிப்பாகப் பெண்களுக்கு. 'காலையில போய்ட்டு மத்தியானம் வந்துருவா' என்று ஓர் அப்பா சொல்ல முடிந்ததால்தான் அந்தப் பெண் பி.ஏ. சேர்ந்தாள். அவளைக் கல்லூரிக்குக் கொண்டுவந்த அதே ஏற்பாடு, அவளுக்குச் சாயங்காலம் இல்லாமலும் செய்துவிடுகிறது. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பேச முடியாது.

பஸ்ஸிலிருந்து தொடங்குவோம். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. ஆக, பயணத்துக்குச் செலவில்லை, பஸ்தான் குறைவு. ஒரு கிராமத்து வழித்தடத்தில் காலையில் ஒரு டிரிப், மதியம் ஒரு டிரிப், ராத்திரி ஒரு டிரிப். அந்த ஒரு வண்டியில் பிளஸ் டூ பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், பூக்கூடைக்காரர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரியவர்கள் எல்லாரும் ஏற வேண்டும். அதனால் நட்பு துறைவாரியாக உருவாவதைவிட வழித்தடவாரியாகத்தான் முதலில் உருவாகிறது. வரலாறு படிக்கும் இரண்டாமாண்டுப் பெண்ணுக்கும் கணிதம் படிக்கும் முதலாண்டுப் பெண்ணுக்கும் கல்லூரிக்குள் பேசிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. ஆனால் தினம் நாற்பது நிமிஷம் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முந்தின நிறுத்தத்தில் ஏறியவள் பையைப் போட்டு இடம் பிடிப்பாள். உட்கார்ந்தவள் மடியில் நாலு பேர் பை. பழைய கேள்வித்தாள் கைமாறுவது, எந்தப் பேராசிரியர் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார் என்ற தகவல், அரியர் கட்டணம் கட்டக் கடைசி நாள், யாருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்ற சேதி, எல்லாம் இந்த நாற்பது நிமிஷத்துக்குள்தான்.

ஒவ்வொரு பஸ் வழித்தடத்து மாணவர்களுக்கும் ஒரு தலைவன் இருக்கும் சென்னையின் 'ரூட்டு தல' கலாசாரத்தை நினைத்துக்கொண்டு இதைப் பார்க்கக் கூடாது. அங்கே வழித்தடம் என்பது கல்லூரிகளுக்கிடையிலான கெத்துப் போட்டி. மாணவர்கள் பஸ்ஸை அலங்கரித்து ஊர்வலமாகப் போகும் பஸ் டே கொண்டாட்டத்துக்கு நீதிமன்றம் தடை விதிக்கும் அளவுக்கு அது போனது. கிராமத்து டவுன் பஸ்ஸில் அதற்கு இடமில்லை. படியில் தொங்குவது உண்டு, பாட்டுச் சத்தம் உண்டு. ஆனால் அதே வண்டியில் சித்தி உட்கார்ந்திருப்பாள், பக்கத்துத் தெரு பெரியப்பா நின்றுகொண்டிருப்பார், கண்டக்டருக்கு அப்பா பெயர் தெரியும். 'ஏய், நீ முருகேசன் மவன்தானே, உள்ள வா' என்று ஒரு குரல் கேட்டால் போதும், எப்பேர்ப்பட்டவனும் படியிலிருந்து மேலே ஏறிவிடுவான். பஸ் இவர்களுக்குச் சுதந்திரமும் தருகிறது, காவலும் வைக்கிறது. ஒரு பெண் ஒரு பையனோடு ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தாள் என்ற செய்தி அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

மதிய டிரிப்பைத் தவறவிட்டால் அடுத்தது நாலரைக்குத்தான் என்கிற ஊர்களில், அந்த மூன்று மணி நேரம் இருக்கிறதே, அதுதான் உண்மையான கல்லூரி வாழ்க்கை. வேண்டுமென்றே தவறவிடுவதும் உண்டு. ஜெராக்ஸ் கடை, பேக்கரி, பஸ் ஸ்டாண்டுக்குள் இருக்கும் ஆவின் பாலகம், கோயில் மண்டபம், நூலகம் இருக்கிற ஊரானால் நூலகம். ஜெராக்ஸ் கடைக்காரர்தான் இதில் முக்கியமான ஆள். ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டுக் கொடுப்பது, ரெக்கார்டு நோட்டு, சீனியர்களின் நோட்ஸ், ஹால் டிக்கெட் பிரின்ட் அவுட், வேலைவாய்ப்பு அறிவிப்பு எல்லாம் அவரிடம். கல்லூரி அலுவலகத்தில் கேட்கத் தயங்குகிற கேள்வியை அவரிடம் கேட்பார்கள். கல்லூரிக்குள் கேண்டீன் இல்லாத குறையை எதிர்ப்பக்கத்துத் தள்ளுவண்டி சமோசாவும் பப்ஸும் தீர்த்து வைக்கின்றன. பிறந்தநாள் என்றால் பேக்கரியிலிருந்து அரைக் கிலோ கேக். ஆளுக்கு இருபது, முப்பது போட்டு வாங்கி, காலியாகக் கிடக்கும் வகுப்பறையில் வெட்டி, பிறந்தநாள்காரன் முகத்தில் பாதியைப் பூசி, மீதியைத் தின்றுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவார்கள்.

இந்தச் சின்னச் செலவுகளுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை படித்துவிட்டு உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. பணம் மாணவரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது. பல வீடுகளில் அது மளிகைக்கும் தம்பியின் பள்ளிச் செலவுக்கும் போய்விடும், உண்மைதான். ஆனாலும் போன் ரீசார்ஜுக்கும் தோழியின் கல்யாணத்துக்கு மொய் எழுதவும் யாரிடமும் கேட்காமல் எடுக்கக்கூடிய ஒரு தொகை, முதல் முறையாக ஒரு பதினெட்டு வயசுப் பெண்ணின் கையில் இருக்கிறது. இதன் பலனைப் படிப்பில் மட்டும் தேடுகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

பையன்கள் சம்பாதிக்கிறார்கள். முகூர்த்த நாளில் எந்தக் கிராமக் கல்லூரிக்குப் போனாலும் பின்பெஞ்சு காலியாக இருக்கும். கேட்டரிங்குக்குப் போயிருப்பார்கள். கறுப்பு பேண்ட், வெள்ளைச் சட்டை, ராத்திரி ரிசப்ஷனும் காலை டிபனும் பரிமாறினால் கையில் கூலியும் வயிறு நிறையச் சாப்பாடும். இதற்கென்று வகுப்பிலேயே ஒரு 'ஏஜென்ட்' பையன் இருப்பான். மண்டபக்காரர் அவனுக்குத்தான் போன் செய்வார். இருபது பேரைச் சேர்த்து, வேன் பேசி, கூலியைப் பிரித்துக் கொடுப்பது அவன் பொறுப்பு. வகுப்பறையில் வாய் திறக்காதவன் அங்கே சூப்பர்வைசர். மேடை அலங்காரம், சவுண்ட் சர்வீஸ், பெயின்ட் வேலை, அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றுவது என்று பட்டியல் நீளும். எழுபத்தைந்து விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும் என்ற விதியும் முகூர்த்தக் கணக்கும் மோதிக்கொள்ளும்போது, ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் துறைத் தலைவரின் அறை வாசலில் ஒரு வரிசை நிற்கும். ஆசிரியர்களில் பலர் இதைத் தெரிந்தே கண்டும் காணாமல் விடுகிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வளாகத்துக்குள் நடக்கும் விழாக்களில் பொங்கல்தான் பெரியது. கல்லூரி நாள், முத்தமிழ் விழா எல்லாம் உண்டு. ஆனால் அவற்றில் சிறப்பு விருந்தினர் வருவார், பேச்சு நீளும், பசங்க நழுவுவார்கள். பொங்கலன்று யாரும் பேசுவதில்லை. துறைக்கு ஓர் இடம், மூன்று செங்கல், ஒரு பானை. செங்கல் பெரும்பாலும் முடியாமல் நிற்கும் ஏதாவது கட்டட வேலையிலிருந்து வரும். பச்சரிசி ஒருத்தி வீட்டிலிருந்து, வெல்லம் இன்னொருத்தி வீட்டிலிருந்து, கரும்பு யாரோ ஒருவன் டிவிஎஸ் எக்ஸெல்லில் கட்டி எடுத்து வந்தது. பெண்கள் அம்மாவின் பட்டுச் சேலையிலும் அக்காவின் கல்யாணச் சேலையிலும் வந்திருப்பார்கள். பஸ்ஸில் கசங்காமல் இருக்க, பாதிப் பேர் சேலையைப் பையில் கொண்டுவந்து காலி வகுப்பறையில் கட்டிக்கொள்வார்கள். மடிப்பு வைக்கத் தெரிந்த ஒருத்தியின் முன்னால் பத்துப் பேர் நிற்பார்கள். பையன்களுக்கு ஒட்டு வேட்டி, ஒரே நிறச் சட்டை. விறகு பச்சையாக இருக்கும், புகை கண்ணை எரிக்கும், எந்தத் துறைப் பானை முதலில் பொங்குகிறது என்பதில் ஒரு சத்தம். வேதியியல்காரர்கள் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு புகார் கிளம்பும். உறியடி, கயிறு இழுத்தல், கோலப்போட்டி. மீதி நேரம் முழுக்க போட்டோ. பையனும் பெண்ணும் சேர்ந்து ஒரே படத்தில் நிற்க வளாகம் அனுமதிக்கிற நாள் அநேகமாக இது ஒன்றுதான். அதிலும் பெண்கள் முன்னால், பையன்கள் பின்னால், நடுவில் மேடம்.

ஒன்றரை மணிக்கு எல்லாம் முடிந்தாக வேண்டும் என்பதால் விழா காலை எட்டு மணிக்கே தொடங்கிவிடும். இரண்டாம் ஷிப்டுக்காரர்களும் அன்று காலையிலேயே வருவார்கள். ஒரே கல்லூரியில் மூன்று வருஷம் படித்தும் இரண்டு ஷிப்டும் முழுதாகச் சந்திக்கிற நாட்கள் இவ்வளவுதான். மற்ற நாட்களில் ஒருவர் வெளியே வரும்போது இன்னொருவர் உள்ளே போவார், கேட்டில் ஒரு தலையசைப்பு.

அப்புறம், காகிதத்தில் நடக்கும் சமூக வாழ்க்கை ஒன்று தனியாக இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டம், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், செஞ்சுருள் சங்கம், நுகர்வோர் மன்றம், வாசகர் வட்டம், மகளிர் மேம்பாட்டு அமைப்பு, சுற்றுச்சூழல் மன்றம் என்று ஒரு சின்னக் கல்லூரியிலேயே பத்துப் பன்னிரண்டு இருக்கும். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் 'நாக்' மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால் இவை சுறுசுறுப்பாகும். என்ன நிகழ்ச்சி, எத்தனை பேர், எந்தத் தேதி, இடக்குறியோடு புகைப்படம், எல்லாம் கோப்பில் வேண்டும். விளைவு, பேனர்தான் நிகழ்ச்சி என்றாகிவிடுகிறது. அறுபது பேரை வகுப்பிலிருந்து எழுப்பி வந்து, பேனருக்கு முன்னால் நிறுத்தி, கையில் துடைப்பத்தையோ மரக்கன்றையோ கொடுத்துப் படம் எடுத்து அனுப்பினால் தூய்மைப் பணி முடிந்தது. இதை மாணவர்கள் கேலி செய்யாமல் இல்லை. அதே கன்றை மூன்று வருஷமாக நடுகிறோம் என்பது பழைய ஜோக்.

இதில் ஏதாவது உருப்படியாக நடக்கிறது என்றால், பெரும்பாலும் ஒரு கௌரவ விரிவுரையாளர் பின்னால் இருப்பார். இந்தக் கல்லூரிகளில் பாடம் நடத்துவோரில் கணிசமானோர் தொகுப்பூதியத்தில் இருக்கும் இவர்கள்தான். வயது குறைவு, பலர் அதே சுற்றுவட்டாரத்துக்காரர்கள், சிலர் அதே கல்லூரியில் படித்தவர்கள். மாணவர்களோடு அதே பஸ்ஸில் வருகிறவர்கள். நடனப் பயிற்சிக்குப் பாட்டு வெட்டித் தருவது முதல் பட்டிமன்றத் தலைப்பு யோசிப்பது, பெண் பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டு 'நான் கூடவே இருக்கேன் அண்ணே, நானே பஸ் ஏத்தி விடுறேன்' என்று அனுமதி வாங்குவது வரை இவர்கள் வேலை. அடுத்த ஆண்டு இவர் இருப்பாரா என்பது உறுதியில்லை. அவர் போனால் அந்த மன்றமும் அநேகமாகப் போய்விடும்.

இந்தப் பட்டியலில் ஒன்றுக்கு மட்டும் தனி இடம் கொடுக்க வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில், சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது. சேர்ந்தவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும், ஏழு நாள் முகாம் ஒன்றில் கலந்துகொள்ள வேண்டும். முகாமுக்கு ஒரு கிராமத்தைத் தத்தெடுப்பார்கள். நகரத்துக் கல்லூரி மாணவனுக்கு அது கிராமத்தைப் பார்க்கும் வாய்ப்பு. கிராமத்துக் கல்லூரி மாணவனுக்குக் கிராமம் புதிதா என்ன? அவன் சீமைக்கருவேலம் வெட்டுவதையும் வாய்க்கால் தூர்வாருவதையும் வீட்டிலேயே செய்கிறவன். திட்டத்தை வகுத்தவர்கள் மனதில் வைத்த பயன் இவனுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இவனுக்குக் கிடைப்பது வேறு: ஏழு ராத்திரி.

ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் இரண்டு அறைகள், அல்லது சமுதாயக் கூடம். பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் பாயை விரிப்பார்கள். காலை ஐந்தரைக்கு விசில், யோகா, டீ. ஒன்பது மணி வரை கோயில் குளத்திலோ சுடுகாட்டுப் பாதையிலோ மண்வெட்டி வேலை. அப்புறம் கண் சிகிச்சை முகாம், கால்நடை மருத்துவ முகாம், வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பு. மதியச் சாப்பாட்டை ஊர்ப் பெரியவர் ஒருவர் ஏற்றுக்கொண்டிருப்பார். மாலையில் கருத்தரங்கம், பேச்சாளர் தாமதமாக வருவார். எட்டு மணிக்கு மேல் கலைநிகழ்ச்சி, ஊர்ப் பிள்ளைகள் முன் வரிசையில் தரையில். அன்றைக்குச் சமையல் குழுவில் இருப்பவர்கள் ராத்திரி வெங்காயம் உரித்துக்கொண்டே பேசுவார்கள். பன்னிரண்டு, ஒன்று வரை போகும். மூன்று வருஷ வகுப்பில் பேசாத பேச்செல்லாம் அங்கேதான். யாருக்கு அப்பா இல்லை, யார் வீட்டில் கடன், யார் போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறான், யாருக்கு யார் மேல் என்பது. படித்து முடித்துப் பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும், கல்லூரியில் மறக்க முடியாதது எது என்ற கேள்விக்கு முகாமுக்குப் போனவர்கள் முகாமைத்தான் சொல்கிறார்கள்.

பெண்களுக்கு இது பாதிதான் கிடைக்கிறது. பல முகாம்களில் மாணவிகளை மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காலையில் திரும்ப வரச் சொல்வார்கள். பெண் திட்ட அலுவலர் இருந்து, தங்குமிடத்தில் கழிவறை ஒழுங்காக இருந்து, ஊரார் பொறுப்பேற்று, பெற்றோர் கையெழுத்துப் போட்டால்தான் தங்கல். இந்த நான்கில் பெரும்பாலும் இடிப்பது கழிவறைதான், பெற்றோர் அல்ல. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'வீட்டில விடமாட்டாங்க' என்ற ஒரே பதிலில் எல்லாவற்றையும் முடித்துவிடுவது நமக்கு வசதியாகப் போய்விட்டது. விட்ட வீடுகளும் நிறைய உண்டு.

கிராமத்துக் கல்லூரியின் சமூக வாழ்க்கை வேறு மாதிரி இருக்கலாம் என்று ஒரு காலத்தில் யோசித்திருக்கிறார்கள். 1948இல் அமைக்கப்பட்ட ராதாகிருஷ்ணன் குழு கிராமியப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றது. அந்தப் போக்கில் 1956இல் காந்திகிராமத்தில் கிராமிய நிறுவனம் தொடங்கியது. காந்தியவாதிகளான சௌந்தரம் அம்மாவும் ஜி.ராமச்சந்திரனும் 1947இல் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டி பக்கம் உருவாக்கிய காந்திகிராமத்தின் நீட்சி அது. 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. விடுதி, கூட்டுப் பிரார்த்தனை, சாந்தி சேனை என்ற அமைதிப் படை, கிராமங்களில் போய்த் தங்கிப் பணியாற்றுவதைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்தது என்று மாணவர் வாழ்க்கையை யோசித்துக் கட்டினார்கள். சாயங்காலத்தை விட்டுவைத்த கிராமக் கல்லூரி என்று அதைச் சொல்லலாம். பின்னால் தமிழ்நாடு தாலுகாதோறும் கல்லூரி திறந்தபோது அந்த மாதிரியை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் செலவு பல மடங்காகியிருக்கும், கல்லூரிகள் பத்தோடு நின்றிருக்கும். எண்ணிக்கையைத் தேர்ந்தெடுத்தோம், ஷிப்டைத் தேர்ந்தெடுத்தோம். தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்கினோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கல்லூரி நேரத்துக்கு வெளியே நடக்கும் சமூக வாழ்க்கையின் பெரிய பகுதி ஊர்த் திருவிழாக்களில் இருக்கிறது. பங்குனியிலிருந்து ஆடி வரை ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் ஊரில் கொடை, கூழ் ஊற்று, கிடாவெட்டு. 'எல்லாரும் வந்துரணும்டா' என்று வகுப்புக் குழுவில் அழைப்பு வரும். ஒரு பைக்கில் மூன்று பேர் வீதம் போவார்கள். அம்மா பரிமாறுவாள், கரகாட்டம் பார்ப்பார்கள், விடிகாலையில் திரும்புவார்கள். சுற்றுவட்டாரத்து ஊர்களையெல்லாம் இந்தத் தலைமுறை தெரிந்துகொள்வது இப்படித்தான். தாத்தாக்களுக்குச் சந்தை என்னவோ, அது இவர்களுக்குக் கல்லூரி.

யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்று பார்த்தால்தான் சிக்கல் தெரியும். அழைப்பு பொதுவாக வரும், ஆனால் சிலர் போகமாட்டார்கள். சிலர் அழைக்கமாட்டார்கள். ஊர்த் தெருவில் இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போனால் எந்தத் தட்டில் சோறு போடுவார்கள் என்று காலனித் தெருப் பையனுக்கு முன்கூட்டியே தெரியாது. அந்த அவமானத்தைச் சோதித்துப் பார்ப்பதைவிட, 'எனக்கு அன்னைக்குக் கேட்டரிங் இருக்குடா' என்று சொல்லிவிடுவது சுலபம். வகுப்பில் தோளில் கை போட்டிருக்கும் இருவர் ஊர் எல்லை வந்ததும் தனித்தனியாக நடப்பதை ஆசிரியர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கைக்கயிறு, மோதிரம் போன்ற சாதி அடையாளங்களைத் தடை செய்யச் சொன்னது. அது பெரும்பாலும் பள்ளிகளைப் பற்றிய பேச்சாகவே போய்விட்டது. அதே பிள்ளைகள்தான் அடுத்த ஆண்டு கல்லூரிக்கு வருகிறார்கள். கபடி அணி, குருபூஜைக்குப் போகும் வேன், பைக்கில் ஒட்டும் ஸ்டிக்கர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாவற்றிலும் சாதி இருக்கிறது.

இருந்தாலும், ஒருவன் இன்னொருவன் வீட்டில் முதல் முறையாகச் சாப்பிடுவதும் இந்த வயதில், இந்தக் கல்லூரி வழியாகத்தான் நடக்கிறது. பள்ளி அவரவர் ஊருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வேலைக்குப் போன பிறகு யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. நடுவில் இருக்கிற மூன்று வருஷம் இது.

பையன்களும் பெண்களும் நேரில் பேசிக்கொள்வது நோட்ஸ் அளவில் நிற்கும். வளாகத்தில் கண்காணிப்பு அதிகம். ஒரு பெண்ணோடு அதிக நேரம் பேசினால் துறைத் தலைவர் கூப்பிட்டுக் கேட்பார், இரண்டு பேரின் பெற்றோருக்கும் போன் போகும். விட்டுப்போன சாயங்காலத்தை ஓரளவு ஈடுகட்டுவது செல்போன். வகுப்புக்கு அதிகாரப்பூர்வமாக ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் மேடம் இருப்பார். மேடம் இல்லாமல் இன்னொன்று. பெண்களுக்கு மட்டும் ஒன்று. பல வீடுகளில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் அண்ணன் கையில், அல்லது அப்பா தலைமாட்டில். தோழனின் எண் தோழியின் பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும். ரீல்ஸ் போடும் பெண்கள் உண்டு, முகம் தெரியாமல் கையை மட்டும் காட்டிக் கோலம், மருதாணி, தறி என்று போடுவார்கள்.

அரசியலைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. 1965 மொழிப் போராட்டம் சிறுநகரக் கல்லூரிகள் வரை பரவி, இரண்டே ஆண்டுகளில் ஆட்சி மாறியதற்கு ஒரு காரணமானது. அந்த நினைவு இன்று மேடைப் பேச்சில்தான் இருக்கிறது. மாணவர் பேரவைத் தேர்தலுக்கு விதிமுறை வகுத்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் பெரும்பாலான சிறிய கல்லூரிகளில் பேரவைத் தலைவர் என்பவர் மதிப்பெண் பார்த்து நியமிக்கப்படும் நல்ல பிள்ளை. போராட்டம் வருவது பஸ்ஸுக்காக, கழிவறைக்காக, தேர்வு முடிவில் குளறுபடிக்காக. கேட்டில் உட்கார்ந்தால் தாசில்தார் வருவார், மூன்று மணி நேரத்தில் முடியும். கூடுதல் டிரிப் ஒன்று கிடைக்கும், ஒரு மாதம் ஓடும்.

இந்த நட்புகள் எதற்குப் பயன்படுகின்றன என்பது மூன்றாம் ஆண்டு கடைசியில் தெரியவரும். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளுக்கு ஆள் எடுக்க வருவார்கள். தங்குமிடம், சாப்பாடு, வேன் வசதி உண்டு என்பார்கள். பெண்கள் தனித்தனியாகப் பெயர் கொடுப்பதில்லை. ஒரே வழித்தடத்தில் வந்த நாலைந்து பேர் சேர்ந்தே கொடுப்பார்கள். ஒருத்தி மட்டும் தேர்வானால் அவள் வீட்டில் அநேகமாக அனுப்பமாட்டார்கள். நால்வரும் தேர்வானால், ஒருத்தியின் அப்பா மற்ற மூவர் வீட்டுக்கும் நடந்து போய், 'உங்க புள்ள போகுதா? அப்ப எங்களுதும் போகட்டும்' என்று பேசி முடிப்பார்.